மாலத்தீவுக் கடலில் ஓர் இரவு

உங்கள் இல்லம் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இருக்குமாயின், அடுக்களையில் ஏதோ ஒரு டப்பாவில் மாசி இருக்கக்கூடும். கருங்காலிக் கட்டையைப் போல் இறுகிக் கிடக்கும் அதனை இடித்துத் தூளாக்கிச் சம்பலில் சேர்ப்பதைச் சிறு வயது முதற்கொண்டு நீங்கள் கண்டிருப்பீர்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. நான் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். எங்கள் வீட்டில் மீன் என்றால் வைகை அணையிலிருந்து வரும் கெண்டையும் ஜிலேபியும்தான். மாசியை நான் முதன்முதலில் பார்த்தது திருச்சியில், கல்லூரி விடுதியில். காயல்பட்டினத்து நண்பர் தம் பெட்டியைத் திறந்து அதனை வெளியே எடுத்தபோது, "விறகை எதற்காக ஊரிலிருந்து சுமந்து வந்தாய்?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை அவர் இருபத்தைந்து ஆண்டுகளாக மறக்கவில்லை; என்னையும் மறக்கவிடவில்லை.

அதே நண்பர் 2009 முதல் மாலத்தீவில் ஒரு பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறார். நம் நாட்டு ஆசிரியர்கள் பலர் அத்தீவுகளின் பள்ளிகளில் பணியாற்றி வருவதை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுதோறும் அழைப்பார், நான் ஆண்டுதோறும் மத்ரஸாவைக் காரணம் காட்டுவேன். உண்மைக் காரணம் மத்ரஸா அன்று. எங்கள் ஊரை ஒட்டி முல்லைப் பெரியாறு ஓடுகிறது. 1984ஆம் ஆண்டு, எனக்கு ஆறு வயதாயிருக்கும்போது, குளிக்கச் சென்ற என் அண்ணனை அந்த ஆறு கொண்டுபோய்விட்டது. அவருக்கு வயது பன்னிரண்டு. அன்று முதல் என் தாயார் என்னை முழங்காலளவு நீரில்கூட இறங்கவிட்டதில்லை. எனக்கு இன்றளவும் நீச்சல் தெரியாது. நாற்பத்தைந்து வயதுக்காரன், ஓர் ஆலிம், தண்ணீருக்கு அஞ்சுகிறான் என்பதை நண்பர்களிடம் எப்படிச் சொல்வது?

2023ஆம் ஆண்டு ஷஅபான் விடுமுறையில் தப்பிக்க வழியில்லாமற் போயிற்று. திருச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தொண்டி நண்பர், என்னிடம் ஒரு சொல்லும் கேளாமல் இருவருக்கும் விமானச் சீட்டு எடுத்துவிட்டார். திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். தாயாரிடம், "மாலத்தீவு செல்கிறேன், நண்பன் வீட்டில் தங்குவேன்" என்றேன். கடலில் இறங்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பொய்யை எளிதில் கண்டுபிடித்துவிடுவார் என்பதால், பொய் சொல்லாமல் பாதியை மட்டும் சொன்னேன். அது எவ்வளவு சரி என்பதை என் மாணவர்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேனோ!

மாலே நகரத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. விமான நிலையம் ஒரு தீவு, நகரம் வேறொரு தீவு. 2018 முதல் இரண்டையும் ஒரு பாலம் இணைக்கிறது. 1658இல் கட்டி முடிக்கப்பட்ட ஹுகுரு மிஸ்கித் என்னும் பழைய ஜுமுஆப் பள்ளியைப் பார்த்தோம். பவளக்கல்லை அறுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, பூவேலையும் எழுத்தும் செதுக்கிய சுவர்கள். கடலுக்குள் கிடந்த கல்லில் கலிமா செதுக்கியிருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு விசைப்படகு ஏறினோம். சுற்றுலாப் படங்களில் நீங்கள் காணும் நீர்மேல் குடிசைகள் எங்கள் வழியில் இல்லை. அவை வேறு உலகம். அவற்றின் ஓர் இரவு வாடகையில் எங்கள் மத்ரஸாவின் ஒரு மாதச் செலவு முடிந்துவிடும்.

ஆயிரத்து இருநூறு தீவுகளுக்குச் சற்றே குறைந்த அந்நாட்டில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. வளையம் போல் பவளப்பாறை சூழ, நடுவில் அமைதியான நீரும் ஆங்காங்கே சிறு தீவுகளுமாக அமைந்த கூட்டத்தை 'அதொளு' என்கிறார்கள். அடோல் என்று உலகமே வழங்கும் சொல் இவர்களுடைய திவேஹி மொழியிலிருந்து போனதுதான். நாங்கள் சென்றது தெற்கே மீமு என்னும் கூட்டத்திலுள்ள ஒரு சிறு தீவு. நண்பரின் வேலையை எண்ணி அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்த விசைப்படகுப் பயணத்தில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கண்களை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே போனேன். ஹஜரத் திக்ரில் ஆழ்ந்திருப்பதாக அருகில் இருந்தவர்கள் எண்ணியிருப்பார்கள்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் நண்பர் எங்களைப் படகுத்துறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு தோணி காத்திருந்தது. அவர்களும் அதனைத் தோணி என்றே சொல்கிறார்கள். அதன் தலைவரை 'கேயொளு' என்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர், ஒடிசலான உடல், உள்ளங்கை மட்டும் மாட்டுத்தோலைப் போல் தடித்திருந்தது. அவருடன் உதவிக்குப் பதினெட்டு வயதிருக்கும் அவருடைய பேரன். என் முகத்தைப் பார்த்ததுமே முதியவருக்கு விஷயம் விளங்கிவிட்டது போலும். ஒன்றும் பேசாமல் ஒரு மிதவைச் சட்டையை எடுத்து என் தலைவழியே மாட்டி, தம் கையாலேயே வாரை இறுக்கினார். மற்ற இருவருக்கும் அதனைக் காட்டி, வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்பதுபோல் கையசைத்தார்.

பவளப்பாறை வளையத்துக்குள் இருக்கும் வரை நீர் கண்ணாடியாகக் கிடந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் கடைசிப் பகுதி அது. அங்கே அதுதான் வறண்ட, அமைதியான காலம். அடியில் மணல் வெண்மையாகத் தெரிந்தது. பாறையின் வாயிலைக் கடந்ததும் நிறம் சட்டென்று மாறிற்று. பச்சை போய், நீலமும் போய், மை போலாயிற்று. தோணியின் அசைவும் மாறிற்று. தொண்டி நண்பர் கரையோர ஊரில் பிறந்தவர். "இப்போதுதான் கடல், இதுவரை வந்தது குளம்" என்று மகிழ்ச்சியுடன் கூறினார். நான் அமர்ந்திருந்த பலகையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன்.

சற்றுத் தொலைவில் பறவைகள் கூட்டமாக வட்டமிட்டு நீரில் விழுந்தெழுந்துகொண்டிருந்தன. கேயொளு அதனைக் கண்டு தோணியைத் திருப்பினார். பறவைகளின் கீழே சூரை மீன் கூட்டம். அதன் நடுவே இரண்டு பெரிய மீன்பிடித் தோணிகள். வாசகர்களே, நான் கண்டவற்றுள் இதனைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தோணியின் பின்புறத் தட்டில் ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் நீண்ட கழி. அக்காலத்தில் மூங்கில், இக்காலத்தில் கண்ணாடியிழை. ஒருவர் உயிருள்ள சிறு மீன்களை வாரி வாரிக் கடலில் எறிகிறார். தோணியின் விளிம்பிலிருந்து குழாய்கள் மழை போல் நீரைத் தெளிக்கின்றன. தெளிக்கும் நீரில் மேற்பரப்பு துள்ளுவதைக் கண்டு, சிறுமீன் கூட்டம் பதறி ஓடுவதாக எண்ணி, சூரைகள் வெறிகொண்டு பாய்கின்றன. தூண்டில் முள்ளில் இரை கிடையாது, பளபளப்புத்தான். அம்முள்ளுக்கு எதிர்ச்செதிலும் கிடையாது. மீன் கவ்வியதும் கழியை ஒரு சுண்டு. மீன் வானில் வளைந்து தலைக்கு மேலாகப் பறந்து வந்து, முள் தானாகவே கழன்று, பின்னால் தட்டில் விழுகிறது. விழுவதற்குள் கழி மறுபடி நீரில். ஒருவர் கழி இன்னொருவர் கழியில் மோதவில்லை. எவரும் பேசவில்லை. மீன்கள் பலகையில் படபடவென்று அடிக்கும் ஓசை மட்டும் பறை போல் கேட்டது. கால் மணி நேரத்தில் கூட்டம் ஆழத்திற்குள் மறைந்தது, பறவைகளும் கலைந்தன.

ஒரு முள், ஒரு மீன். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் பிடிக்கிறார்கள் என்கிறார்கள். 1974இல் பாய் போய் இயந்திரம் வந்தது. தெளிக்கும் குழாயும் வந்தது. ஆனால் முறை மாறவில்லை. சூரையை வலையிட்டு அள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. வலை வீசுவது, தோணியின் அடியறையில் உயிரோடு வைத்திருக்கும் அந்தச் சிறு இரைமீன்களுக்கு மட்டுந்தான். உலகின் பிற கடல்களில் பெருங்கப்பல்கள் ஒரு கூட்டத்தையே சுற்றி வளைத்துச் சுருக்குவலையில் இழுக்கின்றன. அதில் குஞ்சும் ஆமையும் சுறாவும் சேர்ந்தே வருகின்றன. கழித்தூண்டிலில் வேண்டாதது ஏறுவது மிகக் குறைவு. 2012இல் மாலத்தீவின் கழித்தூண்டில் சூரைக்கு மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்னும் உலகளாவிய அமைப்பு சான்றிதழ் வழங்கியது. சான்றிதழ் வந்ததற்காக அவர்கள் இப்படிப் பிடிக்கவில்லை என்பது நான் சொல்லாமலே விளங்கும்.

எங்கள் கேயொளு நாற்பது ஆண்டுகள் அந்தத் தட்டில் நின்றவராம். தோள்மூட்டுத் தேய்ந்த பின் விட்டுவிட்டார். அவரைக் கண்டதும் அந்தத் தோணியிலிருந்து ஸலாம் சொல்லி, இரண்டு சூரைகளை எங்கள் தோணிக்குள் எறிந்தார்கள். விலையும் இல்லை, பேச்சும் இல்லை. ஒன்று இரவுக் கஞ்சிக்கு, ஒன்று இரைக்கு என்று நண்பர் மொழிபெயர்த்தார்.

சூரியன் சாயும் நேரத்தில் வெளிப்பாறையின் விளிம்பில் நங்கூரம் பாய்ச்சினோம். எங்களுக்குக் கழி இல்லை, கைத்தூண்டில்தான். சுருளில் சுற்றிய நைலான் நரம்பு, ஈயக்குண்டு, முள், அதில் சூரைத் துண்டு. தொண்டி நண்பர் கைகளை விரித்து விரித்து நரம்பை அளந்து விட்டார்: "இருபது பாகம்." எனக்கும் ஒரு சுருளைக் கொடுத்தார்கள். ஒரு கை பலகையில், ஒரு கை நரம்பில் என்று நான் பிடித்திருந்ததைக் கண்டு பேரன் சிரித்தான். இரு கைகளும் வேண்டுமாம்.

மஃரிப் வந்தது. நண்பர்கள் இருவரும் என்னை முன்னே நிற்கச் சொன்னார்கள். எழுந்தேன், தோணி ஒரு பக்கம் சாய்ந்தது, உட்கார்ந்துவிட்டேன். மறுபடி எழுந்தேன், மறுபடியும் அப்படியே. படகில் நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்ற சட்டத்தை எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன்! அந்த 'இயலாதவர்' யாரென்று அன்றுதான் கண்டேன். கேயொளுவை இமாமாக நிற்க வேண்டினேன். அவர் மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். வடமேற்கு நோக்கி, ஈரப் பலகையில் வெறுங்காலுடன், கல்தூணைப் போல் நின்று தொழுவித்தார். தோணிதான் ஆடிற்று, அவர் ஆடவில்லை. நான் பின்னால் அமர்ந்து தொழுதேன்.

இருட்டியதும் மீன் கடிக்கத் தொடங்கிற்று. தொண்டி நண்பருக்கு வரிசையாக விளைமீன்கள். காயல் நண்பருக்கு ஒரு பாறை. ஒரு களவாக் குஞ்சும் வந்தது. கேயொளு அதனை முள்ளிலிருந்து கழற்றி, நனைந்த கையாலேயே நீருக்குள் விட்டார். 1990களில் ஹாங்காங் சந்தைக்குக் களவா அனுப்பும் தொழில் அங்கே தொடங்கியது. அதன் பின் பெரிய களவாக்கள் அருகிவிட்டன என்றும், தாம் இளைஞராக இருந்தபோது உள்ளூரில் அதனை ஒரு மீனாகவே மதித்ததில்லை என்றும் சொன்னார். சூரைதான் மீன், மற்றவை பாறையில் கிடப்பவை! பேரன் விளக்கொளியில் கணவாய் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருமுறை, வெள்ளை வயிறு மேலே தெரிய, செத்த மீனொன்று மிதந்து வந்தது. காயல் நண்பர் சும்மா இருப்பாரா? "ஹஜரத்தே, எங்களுக்கு இது ஆகும், உங்களுக்கு ஆகாது, அப்படித்தானே?" என்றார். அவர் ஷாபியீ, நான் ஹனபீ. தானாகச் செத்து மிதக்கும் மீன் எங்கள் மத்ஹபில் உண்ணத் தகாதது. அவர்கள் மத்ஹபில் தடையில்லை. "ஆகும்தான், ஆனால் நாற்றம் யாருக்கும் ஆகாது" என்றேன். மீன் தன் வழியே போயிற்று. அந்தச் சிரிப்பில் பத்து நிமிடம் என் பயம் காணாமற் போயிருந்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எட்டரை மணி அளவில், போதும் என்று கேயொளு கை காட்டினார். இயந்திரம் இருமிற்று, நின்றது. மீண்டும் இருமிற்று, நின்றது. டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொண்டதாம். பேரன் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியறைக்குள் இறங்கினான்.

அஞ்ச வேண்டியதில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். நங்கூரம் பாறையைக் கவ்வியிருந்தது. கைபேசி வேலை செய்தது. தீவில் வேறு படகுகள் உண்டு. அறிவுக்கு இவையெல்லாம் எட்டின. ஆனால் மேற்கே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. "கயிறு அறுந்தால் அடுத்த கரை சோமாலியா" என்று தொண்டி நண்பர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து உடனே வருந்தினார். எட்டாம் பிறையின் ஒளியில் நீர் கன்னங்கரேலென்று புரண்டுகொண்டிருந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரையில், பெரியவர்களின் கால்களுக்கிடையே நின்று நான் பார்த்த நீரும் அந்த நிறந்தான். அதுவரை நண்பர்களிடம் சொல்லாததை அப்போது சொன்னேன். என் அண்ணனின் பெயரை உரக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர்கள் இருவரும் பேசவில்லை. காயல் நண்பர் தாழ்ந்த குரலில் திவேஹியில் முதியவருக்கு எதையோ சொன்னார். கேயொளு என்னருகே வந்து உட்கார்ந்தார். ஆறுதல் ஏதும் கூறவில்லை. சுருளை எடுத்து, முள்ளில் புதிய இரை கோத்து, என் கையில் கொடுத்தார். "விடு" என்பது போல் தலையசைத்தார். விட்டேன். நரம்பு விரலிடையே ஓடிக்கொண்டேயிருந்தது. ஈயம் அடியில் தட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தின் அடி, என் சுட்டுவிரலுக்குத் தெரிந்தது. அதற்கு அடி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தியாயிருந்தது.

சற்று நேரத்தில் ஓர் இழுப்பு. பிறகு மற்றொன்று; கை தோளோடு கீழே போயிற்று. நரம்பு விரலை அறுத்தது. எழுந்து நின்றேன். ஆம், எழுந்து நின்றுவிட்டேன்! மஃரிபுக்கு நிற்க முடியாத கால்கள் மீனுக்காக நின்றதை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். முதியவர் நரம்பைத் தொடவில்லை. என் மிதவைச் சட்டையின் பின்வாரை மட்டும் பற்றிக்கொண்டார். இருபது பாகமும் என் கைவழியே ஏறிற்று. வந்தது செந்நிறத்தில் நீலப்புள்ளி இட்ட ஒரு களவா. ஐந்து கிலோவுக்குக் குறையாது. "குஞ்சில்லை, வைத்துக்கொள்ளலாம்" என்று நண்பர் மொழிபெயர்த்தார். நாற்பது நிமிடம் கழித்து இயந்திரம் உயிர்பெற்றபோது, நான் நரம்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

இனி உணவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள்.

கரையில், நண்பரின் குடியிருப்புக்குப் பின்னால், தேங்காய்மட்டையும் சிரட்டையும் இட்டு நெருப்பு மூட்டினார்கள். அன்பளிப்பாக வந்த சூரை ஒரு பானையில் ஏறிற்று. தண்ணீர், உப்பு, மீன், வேறொன்றும் இல்லை. நுரையை மட்டும் பொறுமையாக எடுத்துக்கொண்டேயிருந்தார்கள். இதுதான் 'கருதியா'. தெளிந்த அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு உண்கிறார்கள். மசாலாவின்றி மீன் சமைப்பதா என்று நாம் முகம் சுளிப்போம். நானும் சுளித்தேன், முதற் கவளம் வரை. மீன் அவ்வளவு புதியதாயிருந்தால் மசாலாவுக்கு வேலையில்லை. நம் ஊர்ச் சந்தைக்கு வருவதற்குள் பனிக்கட்டியில் மூன்று நாள் கிடந்த மீனுக்குத்தான் அத்தனை மல்லியும் மிளகாயும் தேவைப்படுகின்றன போலும்! (இல்லத்தரசிகள் கோபிக்க வேண்டாம், மலையடிவாரத்தில் வேறு வழியில்லை.)

என் களவாவை முதுகுவழியே பிளந்து, மிளகாய், பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாறு அரைத்த விழுதைப் பூசி, கம்பித்தட்டில் வாட்டினார் காயல் நண்பர். பதினான்கு ஆண்டுகளாகத் தனியே சமைத்து உண்பவர்; கைப்பக்குவத்தில் அவருக்குக் கர்வமும் உண்டு. மனைவி மக்கள் ஊரில் இருக்கிறார்கள். "இவ்வளவு நல்ல மீனை அவர்கள் இல்லாமல் தின்பதுதான் இந்த ஊரின் சம்பளம்" என்றார், நெருப்பைப் பார்த்துக்கொண்டே.

கேயொளுவும் பேரனும் எங்களோடு உண்டார்கள். கணவாய் தனித்தட்டில் வாடிக்கொண்டிருந்தது. முதியவர் அதில் மிருதுவான ஒரு துண்டைக் கிள்ளி என் தட்டில் வைக்க நீட்டினார். நான் தயங்கினேன். மீன் அல்லாத கடல் உயிர்களை ஹனபிகள் உண்பதில்லை என்பதை விருந்தளிப்பவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? நண்பர் முந்திக்கொண்டு விளக்கினார். பெரியவர் ஆச்சரியத்துடன் கேட்டார்: "கடலுக்கே போகாத ஊரில் இருந்துகொண்டு, கடலில் எது ஆகும் எது ஆகாது என்று படிக்கிறீர்களா?" கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அந்தத் துண்டைத் தம் வாயில் இட்டுக்கொண்டு, என் தட்டில் களவாவின் கன்னச்சதையை எடுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் கவனித்தேன்: கணவாய்க்குத் தனிக் கம்பித்தட்டு, தனிக் கரண்டி. நான் கேட்காமலே, மாலையிலேயே நண்பர் அதைச் செய்து வைத்திருக்கிறார்.

மறுநாள் கேயொளுவின் வீட்டு முற்றத்தில் மாசி தயாராவதைக் கண்டேன். சூரையை நான்காக அரிந்து, உப்புநீரில் வேகவைத்து, புகையில் வாட்டி, நாட்கணக்கில் வெயிலில் உலர்த்துகிறார்கள். வெந்த நீரையும் கொட்டுவதில்லை. அதனைச் சுண்டக் காய்ச்சினால் 'ரிஹாகுரு' என்னும் கரும்பழுப்புக் குழம்பு. 1343இல் இத்தீவுகளுக்கு வந்து காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, இதே மீனை, நான்காக வெட்டுவதையும் இலேசாக வேகவைத்து ஓலைக்கூடையில் புகையிலிடுவதையும், ஹிந்துக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் அது ஏற்றுமதியாவதையும் தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவரும் இங்கிருந்து இலங்கை வழியாக நம் மஅபர் கரைக்கு வந்தவர்தாம். நம் கரையை நெருங்கும்போது அவருடைய கப்பல் ஆழமற்ற நீரில் தட்டி உடைய, இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே காத்திருந்து காலையில் மீட்கப்பட்டார். கல்லூரியில் சரித்திரம் படித்த காலத்தில் அந்தப் பக்கத்தைத் தேர்வுக்காகக் கடந்து போயிருக்கிறேன். அந்த இரவு எவ்வளவு நீளமாயிருந்திருக்கும் என்று யோசித்ததில்லை.

கேயொளுவின் மனைவி ஓலையில் சுற்றிய ஒரு பொட்டலம் மாசியைத் தந்தார். பணம் நீட்டினேன், தாயாருக்கு என்று சொல்லித் திருப்பிவிட்டார்.

ஊர் திரும்பியதும் தாயாரிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். "புகைவாடை அடிக்குதே" என்றார். நண்பர் எழுதிக் கொடுத்தபடி இடித்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து, ரொட்டியுடன் வைத்தோம். இரண்டு வாய் உண்டார். பிறகு என் சுட்டுவிரலில் ஆறிக்கொண்டிருந்த வெட்டைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலுக்குப் போனியா?"

"போனேன்மா."

"தண்ணி ஆழமா?"

"இருபது பாகம். அடியைத் தொட்டுப் பார்த்தேன், கயிற்றால்."

அவர் ரொட்டியைப் பிய்த்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"கரை தெரிஞ்சுச்சா?"

"இல்லம்மா. விளக்கு மட்டும் தெரிஞ்சது."

தலையசைத்தார். இன்னும் கொஞ்சம் சம்பலை என் தட்டில் வைத்துவிட்டு, மீதி மாசியை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் அண்ணனின் பள்ளிக்கூடப் படத்துக்கு அருகில் வைத்தார்.